முதல் வரி

நண்டு என்று பெயர் வைத்தது நான்தான்.
தலையில்லாத சாதிக்கு வேறென்ன பெயர் வைப்பது.
திரையில்லை, கீபோர்டு இல்லை.
சோப்புப் பெட்டி அளவு உடம்பு,
வயிற்றுக்குள் ஒரு சிம்,
முதுகில் சோலார் தகடு,
உப்பனாற்றுக்குள் தொங்கும் ஒற்றைக் கால்.
ராசாப்பேட்டை இறால் குட்டையின் மதகுக் கல்லில்
கம்பி கட்டி உட்காரவைத்துவிட்டு வந்தேன்.

முப்பது விநாடிக்கு ஒருமுறை
தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று
தனக்குத்தானே எழுதிக்கொள்கிறது.
படிக்க வேண்டுமென்றால்
நாம்தான் அதற்குள் போக வேண்டும்.

இன்றிரவு புயல் கரையேறும் என்கிறார்கள்.
லாஸ்பேட்டை மாடியறையில்
ஜன்னல் இடுக்குக்குப் பழைய சுடிதாரைத் திணித்துவிட்டு
லேப்டாப்பைத் திறக்கிறேன்.
கடவுச்சொல் கேட்கிறது.
தட்டத் தட்ட ஒரு புள்ளிகூட விழாது.
புதிதாய் வேலைக்கு வந்தவர்கள்
கீபோர்டு செத்துவிட்டதென்று எழுந்து போவார்கள்.
எனக்குப் பழக்கம்.
எதிரொலி இல்லாத இடத்தில்
எழுத்துப் பிசகாமல் பேச
பதினோரு வருடம் பயின்றவள்.

திறந்தது.
ஒரு மீட்டர் நாற்பது.
மதகு இரண்டு மீட்டர் வரை தாங்கும்.

சும்மா, கைபோன போக்கில்,
உள்ளே யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.
இரண்டு வரி வந்தது.
இரண்டாவது வரி நான்,
இப்போது, லாஸ்பேட்டையிலிருந்து.
முதல் வரியும் நான்தான்.
நாற்பத்தொரு நாளாய் அசைவில்லை.
முகவரி மஞ்சக்குப்பம்.

அன்று மதியம்
துணிப்பையும் ஆதார் அட்டையும் எடுத்துக்கொண்டு
பாண்டி பஸ் ஏறியவள்
அந்த ஒரு ஜன்னலை மூட மறந்திருக்கிறேன்.
எதிராஜும் மூடவில்லை.
அவன் எப்போதும் திரையை மட்டும் அணைப்பான்,
கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாய் நினைத்துக்கொண்டு.
அதற்கே எத்தனை சண்டை.
ஆக, அந்த வீட்டில்
கறுத்த கண்ணாடிக்குப் பின்னால்
என் பெயரில் ஒரு கதவு திறந்தே கிடக்கிறது.
தலையில்லாதது அங்கேயும் ஒன்று.

அந்த வரியைத் துரத்த ஒரு கட்டளை போதும்.
தட்டினேன்.
என்டர் மட்டும்தான் பாக்கி.
கர்சர் துடித்தது, துடித்தது.
ஒவ்வோர் எழுத்தாய்த் துடைத்துவிட்டு
நீர்மட்டத்துக்குத் திரும்பினேன்.

ஒன்று அறுபத்தைந்து.
ஒன்று எண்பது.
வைரக்கண்ணுவை எழுப்பி
பலகையை இறக்கச் சொன்னேன்.
காற்று தின்றது போகப் பாதி வந்தது:
"...இறக்கிட்டேன்... எம்மா, நீ எங்கருந்து பாக்குற?"

ஊரில் கரண்ட் போய் ஐந்து மணி நேரம்.
வீட்டில் இன்வெர்ட்டர் இழுத்துக்கொண்டிருக்கும்.
அதற்குத் தண்ணீர் ஊற்றுவது
என் வேலையாக இருந்தது.

எதிர்முனை பேசாவிட்டால்
நண்டு அதைக் கூப்பிடும்,
ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், மூன்று தரம்.
அப்புறம்தான்
ஆள் போய்விட்டதாக ஒப்புக்கொள்ளும்.
அவசரப்பட்டு யார் பெயரையும் அடிக்க வேண்டாமென்று
நான்தான் அப்படி எழுதிவைத்தேன்.

இரண்டு பதினேழுக்கு மறுபடி கேட்டேன்.
ஒரே வரி.

அப்படியென்றால்
இரண்டு மணி வாக்கில்
மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு
முழுசாய் இருட்டியிருக்கிறது.
அது தெரிந்தது எனக்கும்
உப்புத் தண்ணீரில் கால் நனைக்கும் ஒரு பெட்டிக்கும்.

அவன் எண் வரை போனேன்.
போனால் என்ன கேட்பது.
டார்ச் அரிசி டின் மேல். அது அவனுக்குத் தெரியும்.
"பேட்டரி சமையலறையில், இரண்டாவது டிராயர்"
என்று மட்டும் அனுப்பினேன்.
ஒற்றை டிக்.

ஒன்று தொண்ணூற்றிரண்டு.
ஒன்று தொண்ணூற்றிரண்டு.
ஒன்று தொண்ணூறு.

விடியும்வரை வெளியே வரவில்லை.
ஆறு இறங்கிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
இரண்டிரண்டு சென்டிமீட்டராக.
டிக் இன்னும் ஒன்றுதான்.